பந்தயக் கார் மேதை பென்ட்லி

1919-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். லண்டன் நகரில் பேக்கர் தெருவுக்கு அருகே ஒரு சந்து. அந்தச் சந்தில் இருந்த சின்னப் பட்டறை ஒன்றில் இருந்து, திடீர் என்று பேரிரைச்சல் எழுந்தது.

அக்கம்பக்கத்தார் திடுக்கிட்டார்கள். பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு நோயாளி படுத்த படுக்கையாகக் கிடந்தார். அங்கிருந்து ஒரு நர்ஸ் கோபத்தோடு வந்து, சத்தத்தை நிறுத்தும்படி சொன்னார்.

பட்டறைக்குள் நின்றவர்களுக்கோ அது சத்தமாகத் தோன்றவில்லை. சங்கீதமாகத் தோன்றியது! பல மாதங்கள் பாடுபட்டுச் செய்த மோட்டார் என்ஜின், அன்றுதான் முதல் முறையாக உயிர் பெற்று ஓடியது.

அந்த என்ஜினைச் செய்தவர் பெயர் வால்டர் ஓவன் பென்ட்லி. பிற்காலத்தில் அவர் பெயரைத் தாங்கிய கார்கள் உலகப் புகழ் பெற்றன. பிரான்சில் நடைபெறும் லே மான் பந்தயத்தில் ஐந்து முறை வெற்றிக்கொடி நாட்டின. ஆனால் அந்தப் புகழின் உச்சியில் இருக்கும்போதே, தான் தொடங்கிய கம்பெனியை அவர் இழந்தார். தன் பெயரைக்கூட இழந்தார்!

அவருடைய கதை விசித்திரமானது.

ஒன்பதாவது குழந்தை

பென்ட்லி 1888-ம் ஆண்டு, செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒன்பதாவது குழந்தை. கடைக்குட்டி. வசதியான குடும்பம்.

சிறு வயதிலேயே அவருக்கு ரெயில் என்ஜின் மீது மோகம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வக்கீலாகவும் அதிகாரியாகவும் ஆக ஆசைப்பட்ட காலம் அது. பென்ட்லியோ ரெயில் பட்டறையில் சேர விரும்பினார்.

16-வது வயதில் டான்காஸ்டர் என்ற ஊரில் உள்ள ரெயில்வே பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு அல்ல, பணம் கட்டி! வேலை கற்றுக்கொடுப்பதற்காக அவருடைய தந்தை 75 பவுன் செலுத்தினார்.

அங்கே அவர் இரும்பை உருக்கினார்; வார்த்தார்; அராவினார். கை காய்த்துப் போயிற்று. பிறகு, எக்ஸ்பிரஸ் ரெயில்களில் கரி அள்ளிப் போடும் பயர்மேன் வேலையும் பார்த்தார். ஒரே நாளில் பல டன் கரியை அள்ளிப் போட்டார்.

இந்த வேலையில் அவர் ஒரு பாடம் கற்றார். அதிகக் கரி போட்டால் அதிக நீராவி கிடைக்கும். அதிக நீராவி கிடைத்தால் ரெயில் வேகமாக ஓடும். ஆனால் கொதிகலன் தாங்க வேண்டும்! தாங்கும் சக்திக்கு மேல் நெருப்பைக் கூட்டினால் ஆபத்து. இந்தப் பாடத்தை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

மேஜை மீது கிடந்த பொருள்

ரெயில் வேலையை விட்டு வந்த பிறகு, பென்ட்லி மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டார். லண்டனில் ஒரு வாடகைக் கார் கம்பெனியில் கார்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். 1912-ம் ஆண்டு, அண்ணன் ஒருவருடன் சேர்ந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார். டி.எப்.பி. என்ற பிரெஞ்சுக் கார்களை வரவழைத்து விற்பதுதான் அந்தத் தொழில்.

கார் நல்ல கார். ஆனால் வேகம் போதாது. வேகத்தைக் கூட்டினால்தான் விற்பனை கூடும். எப்படிக் கூட்டுவது?

1913-ம் ஆண்டு, பாரிஸ் அருகே உள்ள அந்தக் கார் தொழிற்சாலைக்கு பென்ட்லி போயிருந்தார். அங்கே மேஜை மீது, காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு சின்னப் பொருளை வைத்திருந்தார்கள். பிஸ்டன் வடிவத்தில் அலுமினியத்தால் செய்த அழகுப் பொருள் அது.

பென்ட்லி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். லேசாக இருந்தது. அவர் மூளையில் மின்னல் அடித்தது!

என்ஜினுக்குள் சிலிண்டர் என்று ஒரு குழாய் உண்டு. அதற்குள் மேலும் கீழும் ஓடும் உருளைதான் பிஸ்டன். பெட்ரோல் புகையும் காற்றும் சிலிண்டருக்குள் எரிந்து வெடிக்கும்போது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலில்தான் காரின் சக்கரம் சுழல்கிறது. அந்தக் காலத்தில் பிஸ்டன்களை இரும்பில் செய்தார்கள். இரும்பு கனமானது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடும் பொருள் கனமாக இருந்தால், என்ஜினின் பலத்தில் ஒரு பகுதி அதைத் தூக்கி இறக்கவே செலவாகிவிடும்.

அலுமினியம் லேசானது. அதோடு, சூட்டை விரைவாக வெளியே கடத்திவிடும். ஆனால் வெறும் அலுமினியம் அந்தச் சூட்டில் நிலைக்குமா? பென்ட்லி அதனுடன் செம்பைக் கலக்கச் சொன்னார். நூறு பங்கில் 88 பங்கு அலுமினியம், 12 பங்கு செம்பு. அந்தக் கலவையில் பிஸ்டன் வார்த்து, காரில் பொருத்திப் பார்த்தார்.

கார் பறந்தது! 1914-ம் ஆண்டு புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில், அந்தச் சின்னக் கார் மணிக்கு 89 மைலுக்கு மேல் ஓடிச் சாதனை படைத்தது. இவ்வளவு வேகத்தின் ரகசியம் என்ன என்று மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பென்ட்லி வாய் திறக்கவில்லை.

போர்க்களத்தில் ஒரு கண்டுபிடிப்பு

அதே ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. பென்ட்லி தன் ரகசியத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பவில்லை. நேரே கடற்படை அதிகாரிகளிடம் போனார். ஆகாய விமான என்ஜின்களுக்கு அலுமினிய பிஸ்டன் நல்லது என்று எடுத்துச் சொன்னார். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ரோல்ஸ் ராய்ஸ் முதலிய கம்பெனிகளின் விமான என்ஜின்களிலும் அலுமினிய பிஸ்டன்கள் இடம்பெற்றன.

பிரிட்டிஷ் விமானங்களில் அப்போது கிளெர்ஜே என்ற பிரெஞ்சு என்ஜினைப் பயன்படுத்தினார்கள். அந்த என்ஜினின் சிலிண்டர்கள் ஒரு பக்கம் அதிகமாகவும், மறுபக்கம் குறைவாகவும் சூடேறிக் கோணிக்கொண்டன. நடுவானில் என்ஜின் பழுதானால் விமானியின் கதி என்ன?

பென்ட்லி இதற்கும் பரிகாரம் கண்டார். சிலிண்டரை அலுமினியத்தில் செய்து, அதன் உட்புறத்தில் மட்டும் இரும்பு உறை பொருத்தினார். சூடு சீராக வெளியேறியது. இரும்பு, தேய்மானத்தைத் தாங்கியது. பலம் 150 குதிரைச் சக்தி. பழைய என்ஜினைவிட விலையும் குறைவு. இந்த என்ஜின் பொருத்திய காமெல் போர் விமானங்கள் போர்முனைக்குப் போயின.

போர் முடிந்த பிறகு அரசாங்கம் அவருக்கு எம்.பி.இ. பட்டம் அளித்தது. கண்டுபிடிப்புக்காக 8,000 பவுன் பரிசும் கொடுத்தது.

ஆனால் அந்த வெற்றியோடு துயரமும் வந்தது. 1914-ம் ஆண்டு அவர் மணந்த மனைவி லியோனி, 1919-ம் ஆண்டு பரவிய விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். துக்கத்தை மறக்க அவருக்கு வேலைதான் துணை. அந்த ஆண்டில்தான் தன் பெயரில் கார் கம்பெனி தொடங்கினார்.

24 மணி நேரப் பந்தயம்

பென்ட்லியின் முதல் கார் 1921-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. மூன்று லிட்டர் என்ஜின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வு, இரண்டு பிளக். காருக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் கொடுத்தார்! அந்தக் காலத்தில் எவரும் துணியாத காரியம் அது. காரை ஓட்டுகிறவர் நடுவழியில் தவிக்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

1923-ம் ஆண்டு பிரான்சில் லே மான் என்ற ஊரில் புதுமையான பந்தயம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். இரவும் பகலும் 24 மணி நேரம் ஓயாமல் கார் ஓட்ட வேண்டும். பென்ட்லிக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. எந்தக் காரும் அதைத் தாங்காது என்று நினைத்தார். ஆனால் ஜான் டப் என்ற வீரர், தன் சொந்த பென்ட்லி காருடன் புறப்பட்டுவிட்டார். கடைசி நேரத்தில் பென்ட்லியும் போய்ப் பார்த்தார்.

டப்பின் கார் மின்னலாக ஓடியது. ஆனால் ஒரு கல் பட்டு முன்விளக்கு உடைந்தது. இன்னொரு கல் பெட்ரோல் டாங்கியை ஓட்டை போட்டது. முன் சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது. இவ்வளவுக்குப் பிறகும் நான்காவது இடம் கிடைத்தது!

பென்ட்லி குறைகளைக் கவனித்தார். மறு ஆண்டு, நான்கு சக்கரங்களுக்கும் பிரேக். விளக்குகளுக்குக் கம்பி வலைக் காப்பு. 1924-ம் ஆண்டு முதல் பரிசு பென்ட்லி காருக்கே!

1927-ம் ஆண்டுப் பந்தயம் இன்னும் பரபரப்பானது. இருட்டும் நேரத்தில், ஒரு வளைவில் மூன்று பென்ட்லி கார்களும் அடுத்தடுத்து விபத்தில் சிக்கின. அதில் ஒரு கார் மட்டும் கோணிய உடம்போடும் உடைந்த விளக்கோடும் ஊர்ந்து வெளியே வந்தது. அந்த நொண்டிக் காரே இரவெல்லாம் ஓடி, மறுநாள் வெற்றி பெற்றது! லண்டனில் சவாய் ஓட்டலில் விருந்து நடந்தபோது, அந்தக் காரையே விருந்து மண்டபத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பணம் வந்தது; அதிகாரம் போயிற்று

கார் ஜெயித்தது. கஜானாவோ காலி. நல்ல பொருள், நல்ல வேலைப்பாடு என்று தாராளமாகச் செலவு செய்தவர் பென்ட்லி. கணக்குப் பார்க்கும் வியாபாரியாக அவர் இல்லை.

1926-ம் ஆண்டு உல்ப் பர்னாட்டோ என்ற கோடீசுவரர் கம்பெனியைக் காப்பாற்ற முன்வந்தார். தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் அவர் தந்தை சேர்த்த செல்வம் அவரிடம் இருந்தது. பணம் போட்டார். தலைவரானார். அவரே சிறந்த பந்தய வீரரும்கூட. ஆனால் அன்றுமுதல் கம்பெனியின் கடைசி வார்த்தை பென்ட்லியுடையது அல்ல.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, ஊதுகுழல் விவகாரத்தில் தெரிந்தது.

ஊதுகுழல் யுத்தம்

பென்ட்லி கம்பெனியின் பந்தய வீரர்களில் ஒருவர் பர்கின். முதல் உலகப்போரில் விமானி. புள்ளி போட்ட கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, உயிரைத் துச்சமாக எண்ணிக் கார் ஓட்டுவார். மெர்சிடிஸ் முதலிய அயல்நாட்டுக் கார்களை வெல்ல வேண்டுமானால், பென்ட்லி காருக்கு சூப்பர்சார்ஜர் பொருத்த வேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்தார்.

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன? அடுப்பு மந்தமாக எரிந்தால் ஊதுகுழலால் ஊதுகிறோம். தீ கொழுந்து விட்டு எரிகிறது. அதுபோல, என்ஜினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கும் கருவி அது. காற்று கூடினால், அதற்கேற்பப் பெட்ரோலும் கூடுதலாக எரியும். பலம் பெருகும்.

ஆனால் ஊதுகுழலால் ஓயாமல் ஊதிக்கொண்டே இருந்தால்? அடுப்பும் தாங்க வேண்டும். பாத்திரமும் தாங்க வேண்டும். சூடு மிஞ்சினால் பிஸ்டன் உருகும். வால்வு கருகும். பிளக் கெடும்.

பென்ட்லி இதை எதிர்த்தார். பலம் வேண்டும் என்றால் பெரிய அடுப்பாகக் கட்டு. சின்ன அடுப்பை ஊதி உடைக்காதே என்பது அவர் கட்சி. அதன்படி அவர் செய்ததுதான் ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ் கார்.

பர்கின் விடவில்லை. டாரதி பேஜட் என்ற பணக்காரச் சீமாட்டி அவருக்குப் பண உதவி செய்தார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற நிபுணர் ஊதுகருவியை அமைத்தார். பர்னாட்டோ சம்மதம் கொடுத்துவிட்டார். லே மான் பந்தய விதிப்படி, அதே மாதிரிக் கார்கள் 50 விற்பனைக்குச் செய்ய வேண்டும். தனக்குப் பிடிக்காத 50 கார்களை, தன் பெயரில், தன் தொழிற்சாலையிலேயே செய்யவேண்டிய நிலை பென்ட்லிக்கு!

நாலரை லிட்டர் காரின் பலம் 110 குதிரைச் சக்தி. ஊதுகருவி பொருத்திய விற்பனைக் காரில் அது 175 ஆயிற்று. பந்தயக் காரிலோ 240! கணக்கில் பர்கின் ஜெயித்துவிட்டார். ஆனால் கணக்கு வேறு, பந்தயம் வேறு.

1930: தீர்ப்பு நாள்

1930-ம் ஆண்டு, ஜூன் மாதம். லே மான் மைதானம். ஒரு பக்கம் ஜெர்மன் வீரர் கராக்சியோலாவின் ஏழு லிட்டர் மெர்சிடிஸ். அதிலும் ஊதுகருவி உண்டு. ஆனால் அது எந்நேரமும் ஊதாது. வேண்டும்போது மட்டும் மிதித்து இயக்கலாம். எதிர்ப்பக்கம் பர்கினின் ஊதுகருவிக் கார்கள். பென்ட்லியின் ஸ்பீட் சிக்ஸ் கார்கள்.

பந்தயம் தொடங்கியது. பர்கின் மெர்சிடிசைத் துரத்தினார். டயரின் மேல்தோல் பிய்ந்து பறந்தது. அப்போதும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு சக்கரங்களைப் புல்தரையில் ஓடவிட்டு, மெர்சிடிசை முந்தினார்! கூட்டம் ஆரவாரம் செய்தது.

இரவு வந்தது. ஓயாத துரத்தலில் மெர்சிடிஸ் களைத்தது. மின்சாரப் பகுதி பழுதாகி, பந்தயத்தில் இருந்து விலகியது.

மறுநாள் பர்கினின் காரும் நின்றது. ஊதுகருவி பொருத்திய மற்றொரு காரும் நின்றது. 24 மணி நேரம் அவை தாக்குப்பிடிக்கவில்லை.

கடைசிவரை ஓடி, முதல் இடத்தையும் இரண்டாம் இடத்தையும் பிடித்தவை எவை? ஊதுகருவி இல்லாத ஸ்பீட் சிக்ஸ் கார்கள்! முதல் காரை ஓட்டியவர்கள் பர்னாட்டோவும் கிட்ஸ்டனும்.

ஆனால் பர்கின் காட்டிய வேகமும் பொய் அல்ல. அதே ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் அவருடைய கனமான கார் இரண்டாவதாக வந்தது. 1932-ம் ஆண்டு புரூக்லண்ட்சில், ஒற்றை இருக்கைக் காரில் மணிக்கு 137.96 மைல் வேகத்தில் ஓடி அவர் சாதனை படைத்தார். குறுகிய நேரத்துக்கு ஊதுகுழல் நல்லது. நெடும்பயணத்துக்கு என்ஜினின் உடல்வாகு வேண்டும். இதுதான் அந்தப் பந்தயம் சொன்ன தீர்ப்பு.

பர்கினின் வாழ்க்கையும் குறுகியதாயிற்று. 1933-ம் ஆண்டு திரிபோலி பந்தயத்தின்போது, சூடேறிய புகைக்குழாய் பட்டு அவர் கை வெந்தது. அந்தப் புண்ணோடு, போர்க்காலத்தில் பிடித்த மலேரியாவும் சேர்ந்து அவரை வாட்டியது. ஜூன் மாதம் இறந்தார். வயது 36.

பெயரையும் இழந்தார்

பந்தயத்தில் வென்ற பென்ட்லி, வியாபாரத்தில் தோற்றார். 1929-ம் ஆண்டு தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியில், விலை உயர்ந்த கார்களை வாங்க ஆள் இல்லை. 1930-ம் ஆண்டு அவர் வெளியிட்ட எட்டு லிட்டர் கார், மணிக்கு 100 மைல் வேகத்தில் சத்தம் இன்றி ஓடியது. அவருடைய கொள்கைக்கு அதுவே சிகரம். ஆனால் 100 கார்கள்தான் செய்ய முடிந்தது.

1931-ம் ஆண்டு பர்னாட்டோ பண உதவியை நிறுத்தினார். கம்பெனி திவால் ஆயிற்று. நேப்பியர் கம்பெனி அதை வாங்கப்போகிறது என்றே பென்ட்லி நம்பியிருந்தார். முகம் தெரியாத ஒரு நிறுவனம் அதிக விலை கேட்டு வாங்கிக்கொண்டது. அதன் பின்னால் இருந்தது யார்? போட்டிக் கம்பெனியான ரோல்ஸ் ராய்ஸ்!

கம்பெனியோடு பென்ட்லி என்ற பெயரும் போயிற்று. இனித் தான் செய்யும் காருக்குத் தன் பெயரையே வைக்க அவருக்கு உரிமை இல்லை. வேலை ஒப்பந்தம் காரணமாக, ரோல்ஸ் ராய்சிலேயே சம்பளத்துக்கு இருந்தார். ஆனால் என்ஜின் வரையும் வேலையை அவரிடம் ஒப்படைக்கவில்லை.

1935-ம் ஆண்டு அங்கிருந்து விடுபட்டு, லகோண்டா கம்பெனியில் சேர்ந்தார். அங்கே 12 சிலிண்டர் என்ஜின் ஒன்றை உருவாக்கினார். 1939-ம் ஆண்டு லே மானில் அந்தக் கார்கள் மூன்றாவது, நான்காவது இடங்களைப் பெற்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அவர் மேற்பார்வையில் உருவான 2.6 லிட்டர் என்ஜின், ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனியின் புகழ்பெற்ற கார்களில் இடம்பெற்றது.

1971-ம் ஆண்டு, ஆகஸ்டு 13-ந் தேதி பென்ட்லி காலமானார். வயது 82. பிள்ளைகள் இல்லை.

அவர் விட்டுச்சென்ற கணக்கு

காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள். அவர் மறைந்து 11 ஆண்டுகள் கழித்து, 1982-ல், பென்ட்லி பெயரில் டர்போ கார் வெளிவந்தது! டர்போவும் ஒருவகை ஊதுகருவிதான். என்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழன்று காற்றைத் திணிக்கும். காரின் பலம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. ஆனால் அந்தப் பலத்துக்கு வில் அமைப்பு மிக மெதுவாக இருந்தது. வளைவுகளில் கார் சாய்ந்தது. 1985-ம் ஆண்டு, உடம்பை இறுக்கிப் புதிய மாதிரியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பழைய டர்போ கார் வைத்திருந்து, அதன் பலத்தைக் கூட்ட ஆசைப்படுகிறவர்களுக்கும் பென்ட்லியின் வாழ்க்கை வழி காட்டுகிறது. காற்றைக் கூட்டுவது எளிது. ஒரு திருகைத் திருகினால் போதும் என்று சொல்வாரும் உண்டு. ஆனால் அதற்கு முன் என்ஜின் நல்ல உடம்போடு இருக்கிறதா, எல்லாச் சிலிண்டரும் ஒரே அழுத்தம் காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீரும் காற்றும் நன்றாகக் குளிர வேண்டும். காற்று கூடும் அளவுக்குப் பெட்ரோலும் கூட வேண்டும். குறைந்தால் சூடு ஏறிப் பிஸ்டன் ஓட்டையாகும். என்ஜினில் டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்டால், அதுவே அபாயச் சங்கு. உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். பிரேக்கும் டயரும் புதிய வேகத்தைத் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இவற்றை எல்லாம் முடித்த பிறகே திருகில் கை வைக்கலாம்.

ரெயில் என்ஜினில் கரி அள்ளிப் போட்ட இளைஞன் கற்ற பாடம் இதுதான். நெருப்பைக் கூட்டும் முன் கொதிகலனைப் பார்!

பென்ட்லியின் காலத்தில் செய்த கார்கள் சுமார் 3,000. நூறு ஆண்டைத் தொட்ட பிறகும், அவற்றில் பல இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.